சிஸ்டர் அக்கா பதில்கள்: முதலில் கீமோ, அப்புறம் கத்தி

சிறுநீரில் ரத்தம் போவது பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன்னால் எதற்குக் கீமோ? அதனால் மூட்டு வலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் இந்த மாதம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் புற்றுநோய் வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கீமோ பாட்டிலைத் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தவள் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

சிஸ்டர் அக்கா, என் மாமனாருக்கு 66 வயது. ஷூ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், சிகரெட் பழக்கம் உண்டு. வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனது. கேமரா விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டதாம். பையையே எடுக்க வேண்டும், ஆனால் அதற்கு முன் மூன்று மாதம் கீமோ என்கிறார் டாக்டர். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு எதற்கு மூன்று மாதம்? உடனே வெட்டி எறியக் கூடாதா? தியேட்டரில் தேதி கிடைக்காமல் சாக்குச் சொல்கிறார்களோ என்று என் கணவருக்குச் சந்தேகம்.
— மருமகள், சாட்ஸ்வர்த்

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த சந்தேகம் எல்லா வீட்டிலும் வருவதுதான். வார்டு வாசலில் என்னை நிறுத்தி இதைக் கேட்காத மகன் கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் டாக்டர் சொல்வது சாக்கு இல்லை.

கட்டி பையின் உள்தோலோடு நின்றால் கதை வேறு. சுரண்டி எடுத்து, பைக்குள்ளேயே மருந்து விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தசைக்குள் இறங்கிய பிறகு அது ரத்தக் குழாய்களுக்கும் நிணநீர்ப் பாதைகளுக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கிருந்து கிளம்பிப்போன சில செல்கள் ஏற்கனவே உடம்பில் வேறெங்கோ உட்கார்ந்திருக்கலாம். ஸ்கேனில் அவை தெரியாது, அவ்வளவு சிறியவை. பையை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திய காலத்தில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்புறம் நுரையீரலிலோ எலும்பிலோ ஈரலிலோ நோய் தலைகாட்டியது. ஆபரேஷன் சுத்தமாக நடந்தும் அப்படி. கத்தி பையைத்தான் எடுக்கும், ஓடிப்போனதை எடுக்காது. அதற்கு ரத்தத்தோடு ஓடுகிற மருந்து வேண்டும்.

இது யூகமாகச் சொல்வது அல்ல. அமெரிக்காவில் சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேராக ஆபரேஷன், மறு பாதிக்கு மூன்று சுற்று கீமோ கொடுத்து அப்புறம் ஆபரேஷன் என்று செய்து பார்த்தார்கள். முடிவு 2003ல் வெளியானது. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 46 மாதம். கீமோ எடுத்தவர்களில் அது 77 மாதம். எடுத்த பையை லேபில் வெட்டிப் பார்த்தபோது, கீமோ எடுத்தவர்களில் 100க்கு 38 பேருக்கு அதில் புற்றுநோயே மிச்சமில்லை. மற்றவர்களில் அது 15 பேர்தான். 2005ல் இப்படிப்பட்ட 11 ஆய்வுகளைச் சேர்த்து, 3000 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடிருப்பவர்கள் 100க்கு 45 என்பது 50 ஆனது. ‘ஐந்து பேருக்காகவா இத்தனை பாடு?’ என்று ஒரு மகன் என்னிடம் கேட்டதுண்டு. அந்த ஐந்தில் உங்கப்பா இருந்தால் என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

சரி, முதலில் வெட்டிவிட்டு அப்புறம் கீமோ கொடுக்கலாமே என்பீர்கள். காகிதத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. பையை எடுப்பது சின்ன ஆபரேஷன் இல்லை. பையோடு பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும், ஆணுக்குப் புரோஸ்டேட்டையும் சேர்த்து எடுப்பார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, மூத்திரம் வெளியே வர வழி செய்வார்கள். எழுந்து நடந்து, சாப்பாடு இறங்கி, உடம்பு தேறவே மாதங்கள் ஆகும். நடுவில் கிருமித் தொற்று, எடைக் குறைவு, சிறுநீரகச் சோர்வு. ‘அப்புறம் கொடுக்கலாம்’ என்று எழுதி வைத்த எத்தனையோ பேருக்குக் கொடுக்க முடியாமலே போயிருக்கிறது. மருந்தைத் தாங்குகிற உடம்பு உங்கள் மாமனாருக்கு இன்றைக்கு இருக்கிறது. அதனால்தான் முதலில் மருந்து.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் இரண்டு மருந்து, ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும். 21 நாள் ஒரு சுற்று. முதல் நாள் இரண்டும், எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும். நான்கு சுற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். சில இடங்களில் எம்விஏசி என்ற நான்கு மருந்துக் கூட்டை, கிருமியைத் தடுக்கும் வெள்ளணுக்களை ஏற்றும் ஊசியோடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கடைசிச் சுற்று முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் என்பது வழக்கம்.

சிஸ்பிளாட்டின் நாள் நீண்ட நாள். மருந்துக்கு முன்னாலேயே உப்பு நீர் லிட்டர் கணக்கில் ஏறும், அதில் மெக்னீசியமும் கலந்திருப்பார்கள். வாந்திக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் மருந்துப் பையைத் தொடுவோம். முடிந்த பிறகு மறுபடி உப்பு நீர். உங்கள் மாமனார் ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் ஜாடியில் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள், கூச்சப்பட வேண்டாம். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் மருந்து சிறுநீரகத்திலேயே தங்கி அதைக் கெடுக்கும். காலையில் இருந்த எடைக்கும் சாயங்கால எடைக்கும் வித்தியாசம் பார்ப்பதும் அதற்குத்தான்.

நம் ஆண்களிடம் நான் சொல்லிச் சிரிக்கவைக்கும் ஒரு சங்கதி: அந்தச் சிஸ்பிளாட்டின் மருந்துப் பையில் இருப்பது பிளாட்டினம். ரஸ்டன்பர்க் பக்கம் பூமியைக் குடைந்து எடுக்கிறார்களே, அதே உலோகம்தான். 1965ல் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி பிளாட்டினக் கம்பி வழியாக மின்சாரம் விட்டுப் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, அவை பிரியாமல் நீளமாக வளர்ந்துகொண்டே போயின. கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அங்கே பிறந்த மருந்து இது. உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் போகிறது. மாமனாரிடம் சொல்லுங்கள், முகம் கொஞ்சம் மாறும்.

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பு. உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால் பனடால் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனை. வெள்ளணு இறங்கியிருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இன்னொன்று, கீமோ நடக்கும்போதே ஆபரேஷன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். நான்காவது சுற்று முடிந்த பிறகு வரிசையில் நிற்கப் போனால்தான் உங்கள் கணவர் பயப்படுகிற தாமதம் நடக்கும். கீமோ நடக்கும் வாரங்கள் சிகிச்சை; ஒன்றும் நடக்காத வாரங்கள்தான் ஆபத்து. பாதியில் ஸ்கேன் எடுத்து, கட்டி மருந்துக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால் கீமோவை நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விடுவார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சிகரெட்டை இன்றைக்கே விடச் சொல்லுங்கள். ‘வந்தது வந்துவிட்டது, இனி என்ன’ என்பார். கீமோவைத் தாங்கவும் தையல் ஆறவும் அது உதவும் என்று சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது, 70 கிலோ. சர்க்கரை ஆலையில் வேலை செய்து காது மந்தமாகிவிட்டது. இதே நோய்தான். கட்டி அடைத்து ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. கிரியேட்டினின் 128. கீமோவுக்கு முன் முதுகில் டியூப் போட வேண்டும் என்கிறார்கள். ஏற்கனவே பயந்துபோன மனுஷன். டியூப் இல்லாமல் கீமோ கொடுக்கக் கூடாதா?
— மகன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, அந்த டியூப்தான் அப்பாவுக்குக் கீமோவுக்கான கதவைத் திறக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 140லிருந்து வயதைக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள், ஆண் என்பதால் 1.23ஆல் பெருக்குங்கள், கிரியேட்டினினால், அதாவது ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவால் (மைக்ரோமோலில்), வகுத்துவிடுங்கள். அப்பாவுக்கு வருவது சுமார் 48; சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதன் கணக்கு இது. சிஸ்பிளாட்டினுக்கு வழக்கமாக 60 கேட்பார்கள்; சில டாக்டர்கள் 50 வரை இறங்கி வந்து, மருந்தை இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அடைப்பை எடுத்துவிட்டுக் கிரியேட்டினின் 98க்கு வந்தால் அதே கணக்கு 63 ஆகிறது. அதே ஆள், அதே வயது.

டியூப் இரண்டு விதம். முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் விட்டு வெளியே பையில் வடிய விடுவது ஒன்று. உள்ளுக்குள்ளேயே குழாயில் ஸ்டென்ட் வைப்பது இன்னொன்று. முதுகு டியூப்பில் படுப்பதுதான் தொல்லை. டியூப் இல்லாத பக்கமாக ஒருக்களித்து, பையைக் கட்டிலின் ஓரத்தில் முடிச்சுப்போட்டு வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது இழுபடாது. அதோடு வலி மாத்திரைகளைப் பாருங்கள். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்வார்கள். அவை சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

காது விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் காதைத் தொடும், மெல்லிய கூரான சத்தங்கள் முதலில் போகும். போனது திரும்பாது. ஆரம்பிக்கும் முன் காதுப் பரிசோதனை எடுத்து வைத்தால், எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். விரல் நுனி மரத்துப்போனாலும் சொல்ல வேண்டும். எல்லாம் பார்த்துவிட்டு அப்பாவுக்குச் சிஸ்பிளாட்டின் ஆகாது என்று முடிவானால், மனம் உடைய வேண்டாம். அவருக்கு நேராக ஆபரேஷன் செய்வது தவறான வழி இல்லை. சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, அதே வகையைச் சேர்ந்த கார்போபிளாட்டினை ஆபரேஷனுக்கு முன் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால், ‘இதனால் ஆயுள் கூடுமா?’ என்று கேளுங்கள். சிஸ்பிளாட்டினுக்கு இருக்கும் ஆதாரம் அதற்கு இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் புற்றுநோய். ஒரு சிறுநீரகத்தையும் குழாயையும் எடுக்க வேண்டும், அதற்கு முன் கீமோ என்கிறார்கள். அவளுடைய அம்மா வருடக்கணக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நாட்டு மருந்துப் பொடி வரவழைத்து மாதவிடாய் வலிக்குக் கொடுத்து வந்தார். இப்போதும் ‘ரத்தம் சுத்தமாகும்’ என்று கொடுக்கிறார். தொடரலாமா?
— ரோஸ் ஹில், மொரீஷியஸ்

முதல் வேலை: அந்தப் பொடியை இன்றைக்கே நிறுத்துங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம்; டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் ஆடுதீண்டாப்பாளை என்றோ ஈசுவரமூலி என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். நான் நாட்டு மருந்தைப் பழிக்கிறவள் இல்லை. சுக்கும் மிளகும் என் சமையலறையிலும் உண்டு. ஆனால் இந்த இரண்டு செடியும் அரிஸ்டோலோகியா என்ற குடும்பம். இவற்றில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும். உங்கள் மனைவிக்கு வந்திருக்கிற அதே இடத்தில், சிறுநீரகத்திலும் குழாயிலும், புற்றுநோயைக் கொண்டுவரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போய், அவர்களில் பலருக்குப் பிற்பாடு இந்தப் புற்றுநோயும் வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மனைவியின் பொடியில் அது இருந்ததா என்று பார்க்காமல் அத்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மகளுக்கு நல்லது என்று நினைத்துத்தானே கொடுத்தார். ஆனால் இருந்தது என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மறுபக்கச் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். பேத்திகளுக்கும் அந்தப் பொடி போகக் கூடாது.

இனி கீமோ. ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கு இருக்கப்போவது ஒரே சிறுநீரகம். நான் மேலே போட்ட கணக்கில் 65 இருந்தவருக்கு அது 45 ஆகிவிட்டால் சிஸ்பிளாட்டினுக்கு வாசல் மூடிவிடும். இரண்டும் இருக்கும்போதே மருந்தைக் கொடுத்துவிடலாம் என்பதுதான் டாக்டரின் வாதம். எதிர்வாதமும் உண்டு, மறைக்கக் கூடாது. இந்த மேல்பகுதி நோயில் பெரிய ஆய்வு நடந்தது, எடுத்த பிறகு கீமோ கொடுப்பதற்குத்தான். பிரிட்டனில் நடந்து 2020ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் கீமோ எடுத்தவர்களில் 100க்கு 71 பேர் மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள், எடுக்காதவர்களில் 46 பேர். முன்னால் கொடுப்பதில் இன்னொரு சங்கடம், குழாய்க்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எடுத்து வெட்டிப் பார்க்காமல் நிச்சயமாகத் தெரியாது. கொஞ்சமாகவே இருப்பவருக்கு வீணாகக் கீமோ கொடுத்துவிடலாம். சோதித்த துண்டில் தீவிர வகை என்று எழுதி, ஸ்கேனிலும் கட்டி கனமாக இருந்தால், நான் டாக்டர் பக்கம்தான் நிற்பேன்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக என் தம்பி நேர்ந்திருக்கிறான். இரண்டாவது சுற்றுக் கீமோ முடிந்து பத்தாம் நாள் அது வருகிறது. அலகும் குத்திக்கொள்வேன் என்கிறான்.
— அக்கா, லெனேசியா

வேண்டாம். பத்திலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். ஜெம்சிடபின் ரத்தத் தட்டுகளையும் இறக்கும். குத்தின இடத்தில் ரத்தம் நிற்காது, கிருமி போனால் தடுக்க ஆள் இல்லை. தமிழ்நாட்டில் தைப்பூசம் பனிக்காலம், நமக்குக் கோடை உச்சி. வெறுங்காலோடு, வெறும் வயிற்றோடு, அந்த வெயிலில் நடந்தால் சிறுநீரகம் என்ன ஆகும்? நேர்த்தியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்; அதில் முருகனுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. கேட்கவில்லை என்றால் கோயில் ஐயரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், டாக்டர் பேச்சைவிட அது சீக்கிரம் ஏறும். புரட்டாசி விரதத்தையும் சிலர் கேட்டிருந்தீர்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுவதில் தடையே இல்லை, பருப்பும் தயிரும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கூடாது.

சின்ன வயதில் ஆற்றில் குளித்து பில்ஹார்சியா என்ற புழு நோய் வந்தவன் நான். இப்போது மறுபடி ரத்தம் போகிறது. பழைய பூச்சிதானே? மாத்திரை போட்டால் போதாதா?
— தோங்காட்

போதாது. கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பில்ஹார்சியாவை நம்பியே மாதக்கணக்கில் மாத்திரையோடு திரிந்துவிட்டு வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் புழுவின் முட்டைகள் பைச் சுவரில் தங்கி, வருடங்கள் கழித்துப் புற்றுநோய்க்கும் வழி செய்யும். அப்படி வருவது பெரும்பாலும் செதில்செல் வகை, வேறு சாதி. அதற்கு ஆபரேஷனுக்கு முன் கீமோ என்ற விதி அப்படியே பொருந்தாது; பொதுவாக நேராக ஆபரேஷன்தான். அதனால் லேப் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்ததே தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

கீமோவோடு இம்யூனோதெரபி ஊசியும், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியும், சேர்த்தால் நல்லது என்று படித்தேன். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) கீமோவுக்கே இழுத்தடிக்கிறார்கள்.
— ஃபீனிக்ஸ்

படித்தது சரிதான். 2024ல் வெளியான ஆய்வில், ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டினோடு டுர்வாலுமாப் என்ற ஊசியை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்தவர்களில் 100க்கு 82 பேர் இரண்டு வருடம் கழித்து உயிரோடிருந்தார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களில் 75. விலைதான் மலை. உங்கள் பிளானில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீமோவுக்கு இழுத்தடிப்பது வேறு விஷயம், அதில் சட்டம் உங்கள் பக்கம். வேறு உறுப்புக்குப் பரவாத கட்டியென்றால், அது எல்லா மெடிக்கல் எய்டும் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வரும், எவ்வளவு மலிவான பிளானாக இருந்தாலும். அவர்கள் குறித்துக் கொடுத்த மருத்துவமனையில் எடுத்தால் முழுப் பணமும் அவர்களுடையது. டாக்டரின் கடிதத்தில் ‘பரவவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும் சிகிச்சை’ என்ற வரியும், நோய்க் குறியீடும் இருக்கட்டும்: பைக்கு சி67, குழாய்க்கு சி66, சிறுநீரகக் குழிக்கு சி65. போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிரிட்டோரியா பக்கம் செஞ்சூரியனில் இருக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். அவசரம் என்று முதல் வரியிலேயே போட்டு, கீமோ தொடங்க வேண்டிய தேதியையும் குறிப்பிடுங்கள்.